பிரிந்து போகவும் வசதி வேணுமோ?

எங்கட நாட்டில் கல்யாணம் எழுதுறதுக்கு ஒருத்தரும் சட்டத்தரணியிடம் போறதில்லை. விவாகப் பதிவாளர், ஒரு படிவம், ரெண்டு சாட்சி, கையெழுத்து, அவ்வளவுதான். சில இடங்களில் பதிவாளரே மண்டபத்துக்கு வந்து பந்திக்கு முதல் எழுதி முடிச்சிட்டுப் போயிடுவார். ஆனால் அதே கல்யாணம் சரிவராமல் போய், ரெண்டு பேரும் இருந்து கதைச்சு, "சரி, இனிப் போதும்" எண்டு முடிவெடுத்தால் மட்டும் மாவட்ட நீதிமன்றம், சட்டத்தரணி, புரொக்சி, தவணை, சாட்சிக்கூண்டு எண்டு வருசக்கணக்கில் இழுபடவேணும். உள்ளே போற கதவு அகலமாத் திறந்திருக்கு. வெளியே வாற கதவில் மட்டும் ரிக்கெற் வெட்டுறாங்கள்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வாறது இதுதான்: சண்டை சச்சரவு இல்லாத ஒரு விவாகரத்தின் கடதாசி வேலையை, வாசிக்க எழுதத் தெரிந்த ஒருவர் தானே செய்யக்கூடியதாக இருக்கவேணும். அப்படிச் செய்யமுடியாத சிக்கலான வழக்கில், காசில்லாதவருக்குச் சட்டத்தரணியின் செலவை அரசு கொடுக்கவேணும். அதைப் பிச்சையாக இல்லாமல் உரிமையாகக் கொடுக்கவேணும். "கலைப்பீடத்துப் பிள்ளைக்கு ஏன் இந்தச் சட்டக் கதை?" எண்டு கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டத்தை அதைப் படிச்சவன் மட்டும்தான் கதைக்கலாம் எண்ட நினைப்புத்தான் இவ்வளவு பிரச்சினைக்கும் பாதிக் காரணம்.

சட்டம் என்ன கேட்குது?

பொதுச் சட்டத்தின் கீழ் கல்யாணம் எழுதினவர்களுக்கு, அதாவது இலங்கையின் தமிழர்களில் அநேகமான எல்லாருக்கும், விவாகரத்துக்கான காரணங்கள் 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில் இருக்கு. மொத்தம் மூன்றே மூன்று. கல்யாணத்துக்குப் பிறகு வேறொருவரோடு உறவு வைத்தது. தீய நோக்கத்தோடு கைவிட்டுப் போனது. கல்யாண நேரத்திலேயே இருந்த, தீர்க்கமுடியாத உடலுறவு இயலாமை. இந்த மூன்றில் ஒன்றை நீங்கள் நிரூபிக்கவேணும். வழக்கு எப்படி நடக்கவேணும் எண்டது 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் கிடக்கு. என்னுடைய பூட்டியின் அம்மா பிறக்க முதல் எழுதின சட்டத்தை வைத்துத்தான், வட்ஸ்அப்பில் சண்டை பிடிச்சுப் பிரியிற சோடிக்குத் தீர்ப்புச் சொல்லுகினம்.

இதில் "ரெண்டு பேருக்கும் ஒத்துவரேல்லை" எண்டதுக்கு இடமே இல்லை. "ரெண்டு பேருக்கும் சம்மதம்" எண்டதுக்கும் இடமில்லை. ஏழு வருசம் பிரிந்து வாழ்ந்திருந்தால் விவாகரத்துக் கேட்கலாம் எண்டு சட்டக்கோவையின் 608ஆம் பிரிவில் ஒரு வசனம் இருக்கு. அதை வாசிச்சிட்டுச் சனம் சந்தோசப்படமுதல், 1986 இல் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: ஏழு வருசம் பிரிந்திருந்தாலும் பழைய மூன்று குற்றங்களில் ஒன்றை நிரூபிச்சே ஆகவேணும் எண்டு. ஏழு வருசம் தனித்தனியாக உலை வைத்ததும் போதாதாம். யார் குற்றவாளி எண்டு சொல்லவேணுமாம்.

அதனால் என்ன நடக்குது? இணக்கமாகப் பிரியிற சோடிகூட நீதிமன்றத்தில் ஒரு கதை சொல்லவேண்டி வருது. ஒருவர் "என்னைக் கைவிட்டிட்டுப் போனார்" எண்டு வழக்குப் போடுவார், மற்றவர் எதிர்வாதம் செய்யாமல் இருப்பார். இது ஊருக்கே தெரிந்த ஏற்பாடு. ஆனால் ரெண்டு தரப்பும் சேர்ந்து கூட்டுச் செய்தால் விவாகரத்துக் கொடுக்கக்கூடாது எண்டும் அதே சட்டக்கோவை சொல்லுது. அதாவது உண்மையைச் சொன்னால் விவாகரத்து இல்லை. பொய் சொன்னால் கிடைக்கும், ஆனால் பொய்யெண்டு தெரியக்கூடாது. இப்படி ஒரு நாடகத்தை மேடையேற்ற அனுபவமுள்ள ஒரு நெறியாளர் வேணும்தானே? அந்த நெறியாளருக்குத்தான் நாங்கள் தவணைக்குத் தவணை காசு கட்டுறம். எங்கட கடதாசி வேலை கஷ்டமாக இருக்கிறதுக்குக் காரணம் எங்கட அறியாமை இல்லை. குற்றம் ஒன்றைக் கண்டுபிடிச்சே ஆகவேணும் எண்டு சட்டம் பிடிக்கிற அடம்தான்.

ஒரே பஸ், ரெண்டு சட்டம்

இப்போ சிலருக்குத் தெரியாத ஒரு விசயம். இதே நாட்டில், நீதிமன்றத்துக்கே போகாமல் பரஸ்பரச் சம்மதத்தோடு விவாகரத்து எடுக்கிற ஒரு சட்டம் 70 வருசத்துக்கு மேலாக இருக்கு. 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம். அந்தச் சட்டத்தின் கீழ் கல்யாணம் எழுதின கண்டிச் சிங்களவர்கள் மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்கலாம். காரணங்களில் "இருவரும் சம்மதம்" எண்டது ஒன்று. "சந்தோசமாகச் சேர்ந்து வாழ முடியேல்லை, ஒரு வருசமாகப் பிரிந்திருக்கிறம்" எண்டது இன்னொன்று. கல்யாணத்தை எழுதின நிர்வாகமே அதை முடிச்சும் வைக்குது.

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போற ஒரு பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் ரெண்டு பெண்கள் இருக்கிறார்கள் எண்டு வையுங்கோ. ஒருவர் கண்டியச் சட்டத்தின் கீழ் கட்டினவர், மற்றவர் தோட்டத்துத் தமிழ்ப்பெண். ரெண்டு பேருக்கும் ஒரே பிரச்சினை, புருசனோடு ஒத்துப்போகேல்லை, அவருக்கும் பிரியச் சம்மதம். முதலாமவர் பதிவாளரின் கந்தோரில் இறங்கலாம். ரெண்டாமவர் மாவட்ட நீதிமன்றத்தில் இறங்கி, ஒரு நாள் சம்பளத்தை விட்டு, சட்டத்தரணியைத் தேடி, புருசனைக் குற்றவாளியாக்கி ஒரு கதை கட்டவேணும். இதற்கு யாராவது ஒரு நியாயம் சொல்லுங்கோ பாப்பம்.

கண்டியச் சட்டத்தைப் புனிதமாக்க நான் வரேல்லை. மனைவி வேறு உறவு வைத்தால் அது ஒன்றே அங்கே போதுமான காரணம். புருசன் வைத்தால் அதோடு முறைகேடான உறவோ கடும் கொடுமையோ சேர்ந்திருக்கவேணும் எண்டு எழுதியிருக்கு. அந்த அநியாயம் அங்கேயும் இருக்கு. ஆனால் "பதிவாளர் கந்தோரில் விவாகரத்துக் கொடுத்தால் நாடு நாசமாப் போயிடும்" எண்டு சொல்லுறவர்களுக்கு அது நல்ல பதில். எத்தினையோ வருசமாகக் கொடுக்கிறம், கண்டி இன்னும் அங்கேதான் இருக்கு.

மற்றப் பக்கத்தையும் பார்க்கவேணும். 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் காதி நீதிமன்றங்களில் சட்டத்தரணி தோன்றமுடியாது. எல்லாரும் தங்கட வழக்கைத் தாங்களே கதைக்கவேணும். அதனால் பெண்களுக்கு நீதி கிடைச்சிட்டுதா? காதியாக ஆண்கள்தான் இருக்கலாம். புருசன் தலாக் சொல்லக் காரணம் தேவையில்லை, மனைவி பஸஹ் கேட்டால் காரணத்தையும் சாட்சியையும் கொண்டுவரவேணும். எங்கட முஸ்லிம் சகோதரிகள் எத்தினையோ வருசமாக இதை மாற்றக் கேட்டுப் போராடுறார்கள். ஆகவே சட்டத்தரணியை வெளியே அனுப்பிவிட்டால் மட்டும் போதாது. சட்டம் சமமாக இருக்கவேணும், படிவம் விளங்கவேணும், கேட்டுச் சொல்ல ஒரு ஆள் இருக்கவேணும். மூன்றும் சேர்ந்தால்தான் "தானே செய்யலாம்" எண்ட வார்த்தைக்கு அர்த்தம்.

நீங்களே தோன்றலாம், ஆனால்…

இன்னொரு விசயம். இலங்கையில் குடியியல் வழக்கொன்றில் கட்சிக்காரர் தானே நேரில் தோன்றலாம், தன் விண்ணப்பங்களைத் தானே கொடுக்கலாம். சட்டக்கோவையின் 24ஆம் பிரிவு அதைச் சொல்லுது. மொழியும் தடை இல்லை. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி, எந்த நீதிமன்றத்திலும் கட்சிக்காரர் சிங்களத்திலோ தமிழிலோ வழக்கைத் தொடங்கலாம், ஆவணம் கொடுக்கலாம். கொழும்பிலும் அப்படித்தான்.

எழுத்தில் இருக்கிற இந்த உரிமையை எடுத்துக்கொண்டு நீங்கள் நீதிமன்றப் பதிவாளர் அறைக்குப் போய்ப் பாருங்கோ. நிரப்புறதுக்கு ஒரு படிவம் இல்லை. வழக்குரையை வெற்றுத்தாளில் ஒழுங்குப்படி நீங்களே எழுதவேணும். என்ன ஒழுங்கு எண்டு தமிழில் விளக்கின ஒரு கைநூல் கவுண்டரில் இல்லை. கேட்டால், "ஒரு லோயரைப் பிடியுங்கோ அக்கா" எண்டு பதில் வரும். அந்த எழுதுவினைஞரில் பிழையில்லை, அவருக்கு அதுதான் பழக்கம். உரிமை ஒன்றைக் கொடுத்துவிட்டு அதைப் பாவிக்கிற வழியைக் கொடுக்காமல் விட்டால், அது சுவரில் கீறின கதவு மாதிரி.

எங்கட ஒழுங்கையில் ஒரு அக்கா இருக்கிறா, தையல் வேலை. மனுசன் வெளிநாடு போய்க் கொஞ்ச நாள் காசு அனுப்பினார், பிறகு போனும் இல்லை, காசும் இல்லை. அங்கே வேறு குடும்பம் எண்டு கேள்வி. வழக்குப் போட்டா. அழைப்பாணை குடுக்க விலாசம் இல்லை. பத்திரிகையில் அறிவித்தல் போடவேணும் எண்டு வந்தது, அதுக்கொரு செலவு. ஒரு தவணைக்கு நீதிபதி லீவு, அடுத்த தவணைக்குச் சட்டத்தரணி வேற நீதிமன்றத்தில், அதற்கடுத்த தவணைக்குக் கோப்பு மேலே வரேல்லை. மூன்று நாளும் அவ தையல் மெசினை மூடிவிட்டுப் போனா, ரெண்டு நாளுக்குக் காசும் கட்டினா. ஒரு தவணைக்கு அவ குடுத்தது என்னுடைய ஒரு மாத மகாபொலக் காசைவிடக் கூட. காதில் கிடந்தது அடகுக் கடைக்குப் போயிட்டுது.

"கடதாசி இல்லாட்டி என்ன, மனுசன்தான் இல்லையே, அவ தன்பாட்டில் இருக்கலாம்தானே" எண்டு எங்கட ஊர்ப் பெரியாக்கள் சொல்லுவினம். இருக்கேலாது. அந்த வீடு அவவின்ரை சீதனம். கூரை திருத்த வங்கியில் காணியை ஈடு வைக்கப் போனா. தேசவழமைக்கு உட்பட்ட கல்யாணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ புருசனின் எழுத்துமூலச் சம்மதம் வேணும் எண்டு 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாண விவாக உரிமைகளும் வழியுரிமையும் கட்டளைச் சட்டம் சொல்லுது. கைவிட்டுப் போனவர், எங்கே எண்டு தெரியாதவர் விசயத்தில் நீதிமன்றம் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி கொடுக்கலாம். அதற்கும் ஒரு விண்ணப்பம், இன்னொரு செலவு. அப்ப விளங்குதா? விவாகரத்துக் கடதாசி இல்லாமல் அவவுக்கு அவவின்ரை கூரை இல்லை. மழைக்கு ஒழுகிற வீட்டுக்குள் இருந்துகொண்டு, ஒரு கையெழுத்துக்காக, இல்லாத புருசனின் மனைவியாக அவ இருக்கவேணும்.

உதவி இருக்கு, கேட்கத்தான் கூச்சமாக்கி வைத்திருக்கினம்

1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு. பல நீதிமன்ற வளவுகளிலேயே அதன் நிலையங்கள் இயங்குது. வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்கள் வழக்குப் பேசுவார்கள், ஆலோசனை சொல்லுவார்கள். சட்டக்கோவையிலேயே வறியவராக வழக்குத் தொடரும் ஏற்பாடும் இருக்கு. வசதியுள்ள வாழ்க்கைத் துணையிடம், வழக்கு முடியும்வரை இடைக்காலப் பராமரிப்புப் பணமும் வழக்குச் செலவும் தரச்சொல்லி நீதிமன்றத்தில் கேட்கவும் முடியும். இதெல்லாம் எத்தினை பேருக்குத் தெரியும்? எங்கட வகுப்பில் நான் கேட்டுப் பார்த்தேன். "சட்ட உதவி எண்டால் ரிமாண்டில் இருக்கிறவைக்குத்தானே?" எண்டுதான் கூடப்பேர் கேட்டவை.

தெரிந்தாலும் போகக் கூச்சம். வருமானத்துக்குச் சான்று வேணும், அதுக்குக் கிராம சேவகரிடம் போகவேணும். "என்னத்துக்கு தங்கச்சி?" எண்டு அவர் கேட்பார். பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுக்கத் தெரிஞ்சிடும். ஆஸ்பத்திரியில் இலவச மருந்து எடுக்க யாரும் வெட்கப்படுறதில்லை. இலவசக் கல்வியில் படிக்கிறம் எண்டு நாங்கள் பெருமையாச் சொல்லுறம். இலவசச் சட்டம் எண்டால் மட்டும் ஏன் தலை குனியவேணும்?

"குடும்பம் உடைஞ்சிடும்" எண்டவர்களுக்கு

விவாகரத்தை இலகுவாக்கினால் குடும்பம் உடையும் எண்டது முதல் எதிர்வாதம். கடதாசி கஷ்டமாக இருக்கிறதால் ஒரு குடும்பமும் ஒட்டிக்கொண்டு இருக்கேல்லை. அது உடைஞ்சு, துண்டுகள் ஆளுக்கொரு வீட்டில் கிடக்கு. காசுள்ளவன் விவாகரத்து எடுத்து மறுகல்யாணம் செய்யிறான். காசில்லாதவள் "தனியா இருக்கிறவள்" எண்ட பட்டத்தோடு இருக்கிறாள். செலவு வடிகட்டுறது அன்பில்லாத கல்யாணங்களை இல்லை, பணமில்லாத ஆட்களை. பக்கத்து இந்தியாவில் இந்து விவாகச் சட்டத்தில் 1976 இலேயே பரஸ்பரச் சம்மதம் சேர்ந்திட்டுது. எங்கட சொந்தக்காரர் பாதிப்பேர் இருக்கிற இங்கிலாந்தில் 2022 ஏப்ரலிலிருந்து யாரிலும் குற்றம் சொல்லத் தேவையில்லை. ஒன்லைனில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் சின்னக் காசு இல்லை, 500 பவுணுக்கு மேல். ஆனால் வருமானம் குறைந்தவர் அதைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ கேட்கலாம். அவசரமும் இல்லை, குறைஞ்சது ஆறு மாதமாவது யோசிக்க நேரம் இருக்கு.

ரெண்டாவது எதிர்வாதம் கொஞ்சம் நியாயமானது. சட்டத்தரணி இல்லாமல் போனால் பெண்கள்தான் ஏமாறுவார்கள், பிள்ளையின் பொறுப்பு, காணி, நகை எல்லாத்தையும் எழுதிக் குடுத்திட்டு வருவார்கள் எண்டு. உண்மைதான். அடி உதை இருக்கிற இடத்தில், சொத்துப் பிரச்சினை இருக்கிற இடத்தில், பிள்ளைக்குச் சண்டை நடக்கிற இடத்தில் சட்டத்தரணி கட்டாயம் வேணும். அதனால்தான் சொல்லுறன்: சண்டையில்லாத வழக்குகளைப் படிவத்துக்கும் பதிவாளருக்கும் விடுங்கோ, சட்ட உதவி ஆணைக்குழுவின் காசையும் ஆட்களையும் சண்டையுள்ள வழக்குகளுக்கு விடுங்கோ. நல்ல சட்டத்தரணிகளுக்கும் இது நிம்மதி. காசு வாங்காமல் வழக்குப் பேசுற எத்தினையோ பேர் எங்கட ஊர்களில் இருக்கினம், அவர்களை நான் மறக்கேல்லை. ஆனால் ஒரு சனத்தின் உரிமை யாரோ ஒருவரின் நல்ல மனசில் தொங்கக்கூடாது.

சட்டம் மாறும்வரை

இதை வாசிக்கிற யாருக்காவது, அல்லது அவரின் அக்காவுக்கோ அம்மாவுக்கோ இப்பவே தேவைப்படலாம். ஆகவே கொஞ்சம் பிரயோசனமான கதை.

ஒரு பைல் வாங்குங்கோ. விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, பொலிஸில் முறையிட்டிருந்தால் அதன் விபரம், காசு அனுப்பின துண்டுகள், மெசேஜ்களின் பிரதி, எல்லாத்தையும் அதுக்குள் போடுங்கோ. எப்ப கல்யாணம், எங்கே இருந்தீர்கள், எப்பிடிப் பிரிந்தீர்கள் எண்டதைத் திகதிவாரியாக ஒரு தாளில் எழுதுங்கோ. இதைச் செய்யச் சட்டப் படிப்புத் தேவையில்லை. செய்திருந்தால் சட்டத்தரணியின் நேரமும் உங்கட காசும் மிஞ்சும். வழக்கை நீங்கள் வசிக்கிற இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம், கல்யாணம் நடந்த ஊருக்கு ஓடத் தேவையில்லை.

தனிப்பட்ட சட்டத்தரணியிடம் போகமுதல் சட்ட உதவி நிலையத்தில் ஒருக்கால் கேளுங்கோ. தனிப்பட்டவரிடம் போனால் மொத்தம் எவ்வளவு, தவணைக் காசு வேறா, பத்திரிகை அறிவித்தல் வேறா எண்டு முதலே கேளுங்கோ, பற்றுச்சீட்டு வாங்குங்கோ. வெற்றுத்தாளில் கையெழுத்து வைக்காதேங்கோ. வழக்குரையின் பிரதியை உங்களுக்கு விளங்கிற மொழியில் வாசிச்சிட்டு வையுங்கோ. வழக்கு இலக்கமும் அடுத்த தவணைத் திகதியும் உங்கட கையில் இருக்கவேணும்.

பிள்ளையின் சாப்பாடு விவாகரத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 1999ஆம் ஆண்டுத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்புக் கேட்கலாம். அடி விழுந்தால் 2005ஆம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், அதே நீதவான் நீதிமன்றத்தில், பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். கடைசியாக ஒன்று: முதல் தீர்ப்போடு எல்லாம் முடியிறதில்லை. அது தற்காலிகத் தீர்ப்பாணை. குறைஞ்சது மூன்று மாதம் கழிந்து, அது முழுமையானதாக ஆக்கப்பட்டால்தான் நீங்கள் சட்டப்படி தனியாள். அது ஆக்கப்பட்டதா எண்டு போய்க் கேட்டு, உறுதிப்படுத்தின பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு வாங்கோ. அதுக்கு முதல் மறுகல்யாணம் எழுதினால் அது இன்னொரு வழக்கு.

நாங்கள் கேட்கவேண்டியது அதிகமில்லை. எல்லா இனத்துக்கும் பரஸ்பரச் சம்மத விவாகரத்து. பிரதேச செயலகங்களில் மூன்று மொழியிலும் ஒரு எளிய படிவம். நீதிமன்ற வாசலில் கேட்டுச் சொல்ல ஒரு மேசை. அயலாருக்குத் தெரியாமல் சட்ட உதவிக்கு விண்ணப்பிக்கிற வழி.

அந்த மேசை வரும்வரைக்கும் பல்கலைக்கழகத்தில் இருக்கிற நாங்கள் சும்மா இருக்கவேணுமா? சட்டம் படிக்கிற நண்பர்களே, நீங்கள் ஒரு வழக்குரையின் மாதிரியைச் சாதாரணத் தமிழில் விளக்கி எழுதுங்கோ. மொழிபெயர்ப்புப் படிக்கிற நாங்கள் அதைத் திருத்துறம். ஊருக்குப் போற ஒவ்வொருவரும் பத்துப் பிரதி எடுத்துக்கொண்டு போகலாம். ஒரு பிரதி எடுக்க எவ்வளவு முடியும் எண்டு உங்களுக்கே தெரியும், சோதனைக்கு முதல் நாள் எத்தினை எடுக்கிறீர்கள் எண்டும் தெரியும்.